இரும்புத் துகள் ஊசியை எம்.ஆர்.ஐ. காந்தம் இழுத்துவிடாதா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருஷ சர்க்கரையால் கிட்னி பழுதாகிவிட்டது, கிட்னி ரத்தத்தை வடிக்கும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். 24. அல்ட்ராசவுண்டில் கல்லீரலில் ஒரு கட்டி தெரிந்ததால், கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரியப் போடும் ஊசி மருந்து) போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிட்னி கெட்டவர்களுக்கு அந்த ஊசி ஆகாது என்று பக்கத்து வீட்டில் சொன்னதிலிருந்து அப்பா வரமாட்டேன் என்கிறார். இன்ஜினியரிங் படிக்கும் என் மகன், அதற்குப் பதில் இரும்பு நானோ துகள் ஊசி இருக்கிறது என்கிறான். ஸ்கேன் அறைக்குள் போகுமுன் கொண்டை ஊசியைக்கூடக் கழற்றச் சொல்கிறார்களே, இரும்பையே ரத்தத்தில் ஏற்றினால் காந்தம் இழுத்துவிடாதா? ரத்தச்சோகைக்காக அப்பாவுக்கு ஏற்கெனவே இரும்புச்சத்து ஊசியும் போடுகிறார்கள்.

பதில்: முதலில் அப்பாவை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அம்மா. கல்லீரல் கட்டியைத் தள்ளிப்போடக் கூடாது. பக்கத்து வீட்டில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. எம்.ஆர்.ஐ.யில் வழக்கமாகப் போடுவது காடோலினியம் கலந்த மருந்து. அது சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். கிட்னி மந்தமானவர்களின் உடம்பில் நெடுநாள் தங்கி, சிலருக்குத் தோலும் மூட்டுகளும் இறுகிப்போகும் நோயைக் கொண்டுவந்தது. இந்தத் தொடர்பு வெளிச்சத்துக்கு வந்தது 2006-இல். ஆனால் பெரும்பாலான பாதிப்புகள் காடோலினியத்தைத் தளர்வாகப் பிடித்திருந்த பழைய வகை மருந்துகளால் வந்தவை. அதை வளையம் போலச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் மேக்ரோசைக்ளிக் வகைகளில், ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் “மேக்ரோசைக்ளிக் வகையா?” என்று கேளுங்கள். கிட்னி டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவ்வளவு போதும்.

இனி காந்தம். கொண்டை ஊசி பறப்பது ஸ்கேனருக்குள் அல்ல, அதன் வாய்க்கு அருகில்தான். காந்தப்புலம் சட்டென்று ஏறும் இடத்தில்தான் இரும்பு இழுபடும். நோயாளி படுத்திருக்கும் நடுப்பகுதியில் புலம் ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதால் அங்கே இழுப்பு மிகக் குறைவு. தவிர, இழுவிசை இரும்பின் பருமனைப் பொறுத்தது. மருத்துவத் துகளின் இரும்பு ஆக்சைடு கரு சுமார் 5 முதல் 10 நானோமீட்டர். ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவோ 7,000 நானோமீட்டருக்கும் மேல். இத்தனை சிறிய துகளை ஓடும் ரத்தம் அடித்துக்கொண்டு போய்விடும்; காந்தத்தால் பிடித்து நிறுத்த முடியாது.

அந்தச் சிறுமைக்கு இன்னொரு பலனும் உண்டு. சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே போன மேக்னடைட் என்ற இந்த இரும்பு ஆக்சைடு நிரந்தரக் காந்தமாக இருப்பதில்லை. புலத்துக்குள் இருக்கும்வரை காந்தமாகும், வெளியே வந்ததும் அந்தக் குணம் போய்விடும். எனவே ஸ்கேன் முடிந்த பிறகு துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்து ரத்தக்குழாயில் திரண்டு அடைக்காது.

ஆனாலும் வெறும் துகளை ரத்தத்தில் விட முடியாது. உப்பும் புரதமும் நிறைந்த ரத்தத்தில் அது தானாகவே திரளும். மேலே புரதங்கள் வந்து ஒட்டும்; ஒட்டியதைப் பார்த்து, கல்லீரலின் காவல் செல்களான குப்ஃபர் செல்கள் விழுங்கிவிடும். இதற்காகத்தான் மேல் பூச்சு: டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலி, பாலிஎத்திலீன் கிளைக்கால், சிலிகா என்று பல. உங்கள் மகனுக்கு இந்தத் துறையில் ஆர்வம் இருந்தால் அவர் கவனிக்க வேண்டியது இரும்பைவிட இந்தப் பூச்சைத்தான். இரும்பு உப்புகள் இரண்டை அம்மோனியாவில் சேர்த்துக் கருவைச் செய்வது கல்லூரி ஆய்வகத்திலேயே முடிகிற காரியம். அது உடம்பில் எங்கே போகும், எத்தனை மணி நேரம் சுற்றும், ஒவ்வாமை தருமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது பூச்சும், பூச்சோடு சேர்ந்த மொத்த அளவும்தான். 100 நானோமீட்டரைத் தாண்டினால் கல்லீரலும் மண்ணீரலும் சில நிமிஷங்களில் பிடித்துக்கொள்ளும். 30-க்குப் பக்கத்தில் இருந்தால் மணிக்கணக்கில் ரத்தத்தில் சுற்றி நிணநீர்க் கணுக்கள்வரை போகும். ஏறக்குறைய 6-க்குக் கீழே கிட்னியே வடித்து வெளியேற்றிவிடும்.

கல்லீரல் பிடித்துக்கொள்வதையே மருத்துவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். இந்த இரும்பு இருக்கும் இடம் எம்.ஆர்.ஐ.யில் கறுத்துத் தெரியும். நல்ல கல்லீரல் துகளை விழுங்கிக் கறுக்க, குப்ஃபர் செல் இல்லாத புற்றுக்கட்டி வெளுப்பாகத் தனித்து நிற்கும். டெக்ஸ்ட்ரான் பூசிய ஃபெருமாக்சைட்ஸ் 1996-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி பெற்றது. மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், சிலருக்கு முதுகுவலி வரும். பிறகு விற்பனையிலிருந்தே போய்விட்டது. சிறிய துகள்களால் ஆன ஃபெருமாக்ஸ்ட்ரான், சாதாரண அளவில் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்குள் ஒளிந்திருந்த புராஸ்டேட் புற்றையும் காட்டியது. அந்த ஆய்வு 2003-இல் வந்தது. அதுவும் அன்றாட மருந்தாக நிலைக்கவில்லை. நல்ல அறிவியல் நோயாளியின் படுக்கைக்கு வந்து சேராமல் போவது எனக்கு இன்றும் வருத்தம்தான். கிட்னி நோயாளிகளுக்கு இவை பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். இந்த இரும்பு கிட்னி வழியாகப் போவதில்லை. விழுங்கிய செல்களுக்குள் கரைந்து உடம்பின் இரும்புக் கையிருப்பில் சேர்ந்து, பிறகு ஹீமோகுளோபினாகவும் ஆகும்.

மகன் சொன்னது பெரும்பாலும் ஃபெருமாக்ஸிடாலாக இருக்கும். கிட்னி நோயாளிகளின் ரத்தச்சோகைக்காக 2009-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்து அது. அந்த அனுமதி ரத்தச்சோகைக்குத்தான். காடோலினியம் கொடுக்க முடியாத சிலருக்கு, ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கச் சில மருத்துவமனைகள் தங்கள் பொறுப்பில் பயன்படுத்துகின்றன. ஒவ்வாமையால் உயிரிழப்பு நேர்ந்ததால் 2015-இல் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. குறைந்தது 15 நிமிஷம் மெதுவாக ஏற்றி, அரை மணி நேரம் கண்காணிக்க வேண்டும். உங்கள் அப்பாவின் கட்டிக்கு இதைத் தேடி அலைய வேண்டாம். மேக்ரோசைக்ளிக் காடோலினியமே சரியான வழி.

அப்பாவுக்கு இப்போது போடும் இரும்பு ஊசியும் தூரத்து உறவுதான். அயர்ன் சுக்ரோஸ் என்றால், நானோ அளவு இரும்புக் கருவின் மேல் சர்க்கரை ஓடு. அது படத்துக்கான காந்தத் துகள் அல்ல. ஆனால் இரும்பு ஊசி தொடர்ந்து போட்டுக்கொண்டவர்களின் கல்லீரலில் இரும்பு சேர்ந்து, படத்தில் வழக்கத்தைவிடக் கறுத்துத் தெரியலாம். ஸ்கேன் எடுப்பவருக்கு இது தெரியாவிட்டால் படத்தைத் தப்பாகப் படிக்க இடமுண்டு. ஊசியின் பெயரும் கடைசியாகப் போட்ட தேதியும் உள்ள சீட்டை, கிரியாட்டினின் ரிப்போர்ட்டோடு சேர்த்து எடுத்துப் போங்கள். அடுத்த இரும்பு ஊசி ஸ்கேனுக்கு முந்தைய நாட்களில் வருகிறதென்றால், ஸ்கேன் முடிந்து போட்டுக்கொள்ளலாமா என்று கிட்னி டாக்டரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருந்தால் ஒழிய சில நாள் தள்ளுவதில் பெரும்பாலும் தடை இருக்காது.