பதில்: லெபனானில் 65 போதும் என்றால் 71 ஏன் போதவில்லை?

லெபனான் நாடாளுமன்றம் அதிபரைத் தேர்ந்தெடுக்க 65 வாக்கு போதும் என்றால், ஜோசப் அவுனுக்குக் கிடைத்த 71 ஏன் போதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் இரண்டு கணக்கை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டீர்கள். வாக்கு எண்ணிக்கை வேறு, அவையில் இருக்க வேண்டிய எண்ணிக்கை வேறு.

மொத்தம் 128 உறுப்பினர்கள். அரசியலமைப்பின் 49ஆம் பிரிவுப்படி முதல் சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 86 வாக்கு வேண்டும். அடுத்த சுற்றுகளில் 65 போதும். ஆனால் நடைமுறையில் எந்தச் சுற்றானாலும் அவைக்குள் 86 பேர் இருந்தாக வேண்டும். ஆக, 43 பேர் எழுந்து போனால் தேர்தல் அத்தோடு நின்றுவிடும். 2023 ஜூன் 14இல் நடந்தது இதுதான்: வேட்பாளர்களான அசூருக்கு 59, ஃப்ராஞ்சியேவுக்கு 51 விழுந்ததும் ஹிஸ்புல்லா, அமல் கட்சிகளின் தரப்பினர் வெளியேறினர், இரண்டாம் சுற்றே நடக்கவில்லை.

2025 ஜனவரி 9இல் ஜோசப் அவுனுக்கு முதல் சுற்றில் 71. இரண்டாம் சுற்றுக்கு அது தாராளம்தான். சிக்கல் அவர் வகித்த பதவி. அதே 49ஆம் பிரிவு, முதல்நிலை அரசு அதிகாரிகள் பதவியில் இருக்கும்போதும் விலகி இரண்டு ஆண்டு வரையிலும் போட்டியிடத் தடை விதிக்கிறது. அவர் அப்போது ராணுவத் தளபதி. தடையைத் தாண்ட அரசியலமைப்பைத் திருத்தும் அளவுக்கு, அதாவது 86 வாக்கு வேண்டும் என்பது வாதம். இடைவேளையில் பேசி முடித்து, இரண்டாம் சுற்றில் 99 வாங்கினார்.

உங்கள் கட்டுரையில் அவரை முன்னாள் அதிபர் மிஷெல் அவுனின் உறவினர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள். பெயர் மட்டும்தான் ஒன்று. மிஷெலுக்கு 2016இல் முதல் சுற்றில் 84தான், 86க்கு இரண்டு குறைவு. அடுத்த சுற்றில் 127 பேர் போட்ட பெட்டியில் 128 உறை இருந்ததால் திரும்ப வாக்களிக்க வேண்டியதாயிற்று!