உயர்த்திய பிக்கப், ஓரம் தேயும் டயர்

கேள்வி: செம்மண் பாதையில் தோட்டத்துக்குச் சென்று வருவதற்காக என் பிக்கப்பின் முன்பக்கத்தை ஸ்பேசர் வைத்து 2 அங்குலம் உயர்த்தினேன். அலைன்மென்ட் பார்த்த பின்னரும் முன் டயர்களின் வெளி ஓரம் தேய்கிறது. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: பட்டறையில் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்களின் முன்புறம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியை உயர்த்தும்போது, கண்ட்ரோல் ஆர்ம்கள் (சக்கரத்தை வண்டியின் சட்டகத்தோடு இணைக்கும் மேல், கீழ் கரங்கள்) கீழ்நோக்கிச் சாய்வதால் சக்கரத்தின் மேற்பகுதி வெளிப்புறம் சாய்ந்து கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் தெரியும் சக்கரச் சாய்வு) மாறுகிறது, ஸ்டீயரிங்கை நேருக்குக் கொண்டுவர உதவும் காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு பின்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) பெரும்பாலும் குறைகிறது. தாங்கள் கூறும் இரு குறைகளும் இவற்றின் விளைவாகவே இருக்கக்கூடும். கீழ் ஆர்மின் கேம் போல்ட்டைத் (ஆர்மின் நிலையை நகர்த்திச் சரிசெய்யும் போல்ட்) திருப்பியும் அளவு வரவில்லையெனில், உயர்த்திய வண்டிகளுக்கென வரும் மேல் ஆர்ம்களைப் பொருத்த வேண்டும். என்னைக் கேட்டால், ஸ்பேசரைச் சிறிதாக்குவது அதைவிட மலிவு. பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், புஷ் ஆகிய இணைப்புப் பாகங்களில் ஆட்டம் இல்லையென்று உறுதிசெய்த பிறகு, முதலில் காஸ்டரையும் அடுத்து கேம்பரையும் வைத்து, கடைசியாகவே டோவைத் தொடச் சொல்லுங்கள். முன்னிரண்டை மாற்றினால் டோவும் மாறிவிடும்.