மனநலத் துறையில் எந்த வேலை? கேள்வி பதில்

மருத்துவச் சமூக ஊழியராக 16 வருடம் ஓடிவிட்டது. அதில் பாதிக்கு மேல் மனநோயாளிகளோடும் அவர்கள் குடும்பங்களோடும். இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, மனநல மருத்துவருக்கும் உளவியலாளருக்கும் என்ன வித்தியாசம்? "மெடிசின் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் சைக்காலஜி" என்கிறார் அம்மா. (தொடக்கக்கல்லூரி மாணவி, ஈசூன்)

ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று என்று வைக்கிற விஷயம் இல்லை, தங்கச்சி. மனநல மருத்துவர் முதலில் மருத்துவர். இங்கே சிங்கப்பூரில் இளநிலை மருத்துவப் படிப்பு 5 வருடம், பிறகு ஒரு வருடம் பயிற்சி மருத்துவர், அதற்குப் பிறகு மனநலச் சிறப்புப் பயிற்சி 5 வருடம். மருந்து எழுதுவது அவர். நோயாளி வீட்டுக்குப் போகலாமா, வார்டில் இருக்க வேண்டுமா என்று முடிவெடுப்பதும் அவர். கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைக்கிற நேரம் பெரும்பாலும் குறைவுதான்.

உளவியலாளர் மருந்து எழுத முடியாது. சோதனைகள் செய்வார். ஒரே ஆளை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உட்கார வைத்துப் பேசுவார். அதற்கு நான்கு வருட ஹானர்ஸ் பட்டமும் அதற்கு மேல் முதுநிலைப் படிப்பும் வேண்டும். இரண்டும் நீண்ட வழிதான். இரத்தம், உடற்கூறு, இரவுப் பணி எல்லாம் பிடிக்குமா என்று யோசியுங்கள். பிடிக்காது என்றால் அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சைக்காலஜி ஹானர்ஸ் சுமாராகத்தான் வந்தது. கிளினிக்கல் மாஸ்டர்ஸ் கனவு முடிந்ததா? (26 வயது, ஜூரோங் வெஸ்ட்)

முடியவில்லை தம்பி, ஆனால் உடனே விண்ணப்பிக்காதீர்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வளாகத்திலும் அந்த மருத்துவ உளவியல் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இடங்கள் குறைவு. அதனால் மதிப்பெண்ணோடு அனுபவமும் எடைபோடப்படும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்யுங்கள், அல்லது ஆய்வு உதவியாளராகச் சேருங்கள். இரண்டு வருடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும், இது வேண்டுமா வேண்டாமா என்று. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிப் போன இடத்தில் ஆக்குபேஷனல் தெரபி பிடித்துப்போய், மறுபடி முதலிலிருந்து படிக்கப் போனார். நோயாளியோடு சேர்ந்து சமைப்பது, பேருந்தில் போகப் பழக்குவது, இதெல்லாம்தான் இப்போது அவர் வேலை. வெகு சந்தோஷமாக இருக்கிறார்.

தமிழ் தெரிவது இந்த வேலையில் உதவுமா? (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், உட்லண்ட்ஸ்)

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன்.

ஒரு மருத்துவமனையில் நடந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, "நெஞ்சு அடைக்குது" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். உடன் வந்த பேரன் அதை ஆங்கிலத்தில் நெஞ்சுவலி என்று சொல்ல, இசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். எடுக்க வேண்டியதுதான், தப்பில்லை. எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று முறை இப்படி நடந்தது. நான்காவது முறை என்னைக் கூப்பிட்டார்கள். நான் நெஞ்சைப் பற்றிக் கேட்கவே இல்லை. "பாட்டி, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றேன். சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "யாருக்கு சமைக்கறது?" என்றார். தாத்தா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதை அதுவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நம் ஆட்கள் "மனச்சோர்வு" என்ற சொல்லோடு வருவதில்லை. தலை கனக்குது, கை கால் விழுந்துபோகுது, தூக்கம் வரலை, யாரோ ஏதோ வச்சுட்டாங்க என்றுதான் வருவார்கள். இதைக் கேட்டவுடன் புரிந்துகொள்கிற ஆள் இந்தத் துறையில் போதவில்லை. எந்தப் பாதையில் போனாலும் சரி, தமிழை விட்டுவிடாதீர்கள்.

தாதிமை படிக்கிறேன். மனநலப் பிரிவு பிடித்திருக்கிறது. "உட்பிரிட்ஜுக்கா போகப்போகிறாய்?" என்று அத்தை முகம் சுளிக்கிறார். (மாணவி, தெம்பனிஸ்)

அத்தைக்கு அந்தப் பெயரின் கதையைச் சொல்லுங்கள். 1928இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. அருகில் இருந்த ஒரு மரப்பாலத்தை வைத்து 1951இல் உட்பிரிட்ஜ் என்று பெயரிட்டார்கள். 1993இல் புவாங்கோக்கிற்கு மாறி மனநலக் கழகம் ஆனது. வெறும் பாலத்தின் பெயர்தான், அதைத் திட்டுச் சொல்லாக்கியது நாம்.

யாரிடமும் பேசாத ஒரு பெரியவரின் நகத்தை ஒரு தாதி வெட்டிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். பத்து விரலுக்கு அரை மணி நேரம். எட்டாவது விரலில் அவர் வாய் திறந்தார். இந்தப் பொறுமை உங்களிடம் இருந்தால் போங்கள், கண்ணு.

43 வயது, வங்கி வேலை போய்விட்டது. கவுன்சிலர் ஆகலாமா? (செங்காங்)

ஆகலாம் அண்ணா. ஆனால் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். "கவுன்சிலர்" என்று பலகை மாட்ட இங்கே சட்டத் தடை ஏதும் இல்லை. அதனால் குறுகிய காலச் சான்றிதழ் விற்பவர்கள் உண்டு. சிங்கப்பூர் ஆலோசகர் சங்கத்தின் பதிவேட்டில் சேர அந்தப் படிப்பு உதவுமா என்று முதலில் கேளுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்க சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதம் முதல் கிடைக்கும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை (அரசாங்கம் திறன் பயிற்சிக்குத் தருவது) எல்லாப் படிப்புக்கும் செல்லாது, பட்டியலைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிச் சேவை நடத்தும் எஸ்ஓஎஸ் அமைப்பில் தொண்டூழியராகச் சேர முடியுமா பாருங்கள். 1969லிருந்து நடக்கிறது, பயிற்சியும் தருகிறார்கள். நடு இரவில் முன்பின் தெரியாத ஒருவரின் அழுகையை, அறிவுரை சொல்லாமல் கேட்க முடிகிறதா? அறிவுரை சொல்லியே பழகிய நமக்கு இது ரொம்பக் கஷ்டம். எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

எனக்கே மனச்சோர்வு வந்து தேறியிருக்கிறேன். இந்தத் துறையில் என்னை எடுப்பார்களா? (31 வயது, பெயர் வேண்டாம்)

எடுப்பார்கள் அம்மா. நோயைக் கடந்து வந்தவர்களையே பணிக்குத் தயார்படுத்த, தேசிய சமூகச் சேவை மன்றம் 2016இல் சக ஆதரவு நிபுணர் பயிற்சியைத் தொடங்கியது. நோயாளி "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கத்தும்போது என்னிடம் பதில் கிடையாது. உங்களிடம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கதையும் உங்கள் பழைய காயத்தைத் தொடும். அடுத்த முறை உங்கள் மருத்துவரைப் பார்க்கும்போது இந்த ஆசையை அவரிடம் சொல்லுங்கள். எப்போது தொடங்கலாம் என்று அவரோடு பேசி முடிவெடுங்கள்.