மெயில் நின்றால் கணக்கை அழிக்காதீர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழைக்காலம் பிறந்தால் இலங்கையின் கிழக்கில் எங்கள் பக்கம் கரண்டும் நெட்டும் மாறி மாறிப் போவது வழக்கம். கேள்விகளும் அப்போதுதான் குவியும். "மெயில் வேலை செய்யவில்லை" என்று எல்லோரும் ஒரே வரியில்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒருவருக்கு ரவுட்டர் பழுது, இன்னொருவருக்கு பாஸ்வேர்ட் பிரச்சினை, மூன்றாமவருக்கு அமெரிக்காவில் சேர்வர், அதாவது மெயிலை வாங்கி வைத்து அனுப்பும் பெரிய கொம்பியூட்டர், படுத்துவிட்டது. எது பழுது என்று பிரித்துப் பார்க்காமல் செட்டிங்கில் கை வைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். இம்முறை வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

அறுகம்பையில் சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறோம். வெளிநாட்டார் மெயிலில்தான் அறை கேட்பார்கள். சீசன் நேரத்தில் ஒருநாள் காலையிலிருந்து மதியம் வரை ஒரு மெயிலும் வரவில்லை. அந்த நேரத்தில் அனுப்பியவர்களின் கடிதங்கள் போனது போனதுதானா? (பொத்துவில் வாசகர்)

போகவில்லை. மெயிலின் பெரிய பலமே இதுதான். உங்கள் சேர்வர் பதில் சொல்லாவிட்டால், அனுப்பியவரின் சேர்வர் கடிதத்தைத் தன்னிடம் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். 2008இல் வெளியான மெயில் அனுப்பும் நெறிமுறை, கைவிடுவதற்கு முன் குறைந்தது நான்கைந்து நாட்களாவது முயலச் சொல்கிறது. பெரும்பாலான சேர்வர்கள் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. அரை நாள் தடங்கல் என்பது அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பழுது தீர்ந்ததும் கடிதங்கள் கொத்தாக வந்து விழும். சில சேர்வர்கள் முயற்சிக்கு முயற்சி இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும் என்பதால், தடங்கல் தீர்ந்து சில மணி நேரம் கழித்தும் பழைய கடிதம் வரலாம். வந்த நேரத்தைப் பார்க்காமல் எழுதப்பட்ட நேரத்தைப் பார்த்து அறைகளை ஒதுக்குங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. திரும்பி வரும் பிழைச் செய்தியில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அது 4இல் தொடங்கினால் "பிறகு வா" என்று பொருள், அனுப்பிய சேர்வர் தானாகவே மறுபடி முயலும். 5இல் தொடங்கினால் "வராதே", அத்தோடு முடிந்தது. 2020 டிசம்பர் 14 அன்று, எங்கள் நேரப்படி மாலை ஐந்தேகால் மணியளவில், கூகுளின் உள்நுழைவுப் பகுதி முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் படுத்துவிட்டது. உலகம் முழுக்க ஜீமெயில் திறக்கவில்லை, ஆனால் கணக்குக்குள் நுழையாமல் யூடியூப் பார்த்தவர்களுக்கு அது ஓடியது. அதைத் தொடர்ந்து வந்த இரண்டாவது பழுதுதான் மோசமானது. உயிரோடு இருந்த ஜீமெயில் முகவரிகளுக்கே "அப்படி ஒருவர் இல்லை" என்று 550 எண்ணோடு பதில் போனது. அந்தக் கடிதங்களை யாரும் மறுபடி அனுப்பியிருந்தால்தான் உண்டு.

ஆகவே உங்களுக்குத் தேவை இரண்டாவது முகவரி. அதை வேறு நிறுவனத்தில் எடுங்கள். இரண்டும் ஜீமெயில் என்றால் இரண்டும் சேர்ந்தே விழும். அறை உறுதி செய்து அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அந்த முகவரியையும் தொலைபேசி எண்ணையும் போடுங்கள். "வாட்சப் இருக்கிறதே" என்று விட்டுவிட வேண்டாம். 2021 ஒக்டோபர் 4 இரவு பேஸ்புக்கும் வாட்சப்பும் சேர்ந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றன.

சேர், எங்கள் அலுவலகக் கொம்பியூட்டரில் பழைய அவுட்லுக் இருக்கிறது. பாஸ்வேர்ட் சரியாகவே போடுகிறேன், திரும்பத் திரும்பக் கேட்கிறது. அதே பாஸ்வேர்டில் பிரவுசரில் ஜீமெயில் திறக்கிறது. (கல்முனை வாசகர்)

உங்கள் பாஸ்வேர்டில் பிழையில்லை. வெறும் பாஸ்வேர்டை மட்டும் காட்டி வெளி மென்பொருள்கள் உள்ளே வருவதை கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசொஃப்ட் தன் அவுட்லுக், ஹொட்மெயில் கணக்குகளுக்கு 2024 செப்டெம்பர் 16இல் அதையே செய்தது. பழைய மென்பொருளுக்கு இந்த மாற்றம் தெரியாது. மறுக்கப்பட்டால் "பாஸ்வேர்ட் பிழை" என்று மட்டுமே அதற்குச் சொல்லத் தெரியும். அதை நம்பி பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே போனால், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த போனிலும் மெயில் நின்றுவிடும்.

நல்ல வழி, தண்டர்பேர்ட் போன்ற புதிய, இலவச மென்பொருளுக்கு மாறுவது. பெயரையும் முகவரியையும் கொடுத்தால் சேர்வர் விபரங்களை அதுவே கண்டுபிடிக்கும். பிறகு கூகுளின் சொந்தப் பக்கம் ஒன்று திறக்கும், அங்கே உள்நுழைந்து அனுமதி கொடுத்தால் போதும். பழைய கணக்கொன்று அதில் ஏற்கெனவே இருந்தால், சேர்வர் செட்டிங்கில் உறுதிப்படுத்தும் முறையை "ஓஓத் 2" (கூகுளின் பக்கத்திலேயே அனுமதி கொடுக்கும் அந்த முறை) என்று மாற்றுங்கள். பெறும் பக்கத்தில் மாற்றுபவர்கள் அனுப்பும் பக்கத்தில் மாற்ற மறந்துவிடுகிறார்கள், இரண்டிலும் மாற்ற வேண்டும்.

அவுட்லுக்கை விடவே முடியாது என்றால், கூகுள் கணக்கில் இரண்டு படி உறுதிப்படுத்தலை (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சான்றும் கேட்பது) போட்டுவிட்டு "ஆப் பாஸ்வேர்ட்" ஒன்று எடுக்கலாம். 16 எழுத்து வரும், அதை அவுட்லுக்கில் மட்டும் கொடுங்கள். ஹொட்மெயில் கணக்குக்கு இந்தக் குறுக்குவழி இல்லை.

அஸ்ஸலாமு அலைக்கும் நானா. கடைக்குச் சொந்த டொமைனில் மெயில் இருக்கு. கடைக் கொம்பியூட்டருக்கு வாற மெயில் போனில் தெரியுதில்ல. போனில் இருந்து அனுப்பவும் முடியல்ல. கணக்கை அழிச்சிட்டுப் புதுசாப் போடவா? (காத்தான்குடி வாசகர்)

வஅலைக்கும் ஸலாம். அழிக்க வேண்டாம், தயவுசெய்து முதலில் இதை முழுதாக வாசியுங்கள்.

உங்கள் கடைக் கொம்பியூட்டர் "பொப்" முறையில் போடப்பட்டிருக்கும் என்றே தோன்றுகிறது. பொப் சேர்வரிலிருந்து மெயிலை இறக்கிவிட்டு, செட்டிங்கைப் பொறுத்து, அங்கே இருப்பதை அழித்துவிடும். பிறகு போன் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அப்படியானால் உங்கள் விநியோகஸ்தர்களின் பழைய பில்கள், ஓர்டர்கள் எல்லாம் அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருக்கின்றன. கணக்கை நீக்கும்போது தண்டர்பேர்ட் "மெயில்களையும் நீக்கவா" என்று ஒரு சின்னப் பெட்டியில் கேட்கும். அவசரத்தில் அதில் சரி போட்டால் அத்தனை வருடக் கணக்கும் போய்விடும்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. முதலில் அந்தக் கொம்பியூட்டரின் மெயில் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். பழைய பொப் கணக்கை அப்படியே விட்டு, "மெயிலை சேர்வரிலேயே விடு" என்பதைப் போடுங்கள். அடுத்து அதே முகவரியை "ஐமேப்" முறையில் இரண்டாவது கணக்காகச் சேருங்கள், பெறும் போர்ட் (சேர்வரின் வாசல் எண்) 993. ஐமேப்பில் எல்லாம் சேர்வரில் இருக்கும், கடையிலும் போனிலும் ஒரே பெட்டி தெரியும். பழைய கடிதங்களைப் பொப் பெட்டியிலிருந்து ஐமேப் பெட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொப்பி செய்து, எல்லாம் வந்துவிட்டது என்று போனில் சரிபார்த்த பிறகே பழையதை எடுங்கள். அதற்கு முன் ஹோஸ்டிங்கில், அதாவது உங்கள் டொமைன் மெயிலுக்கு இடம் தரும் நிறுவனத்தில், உங்கள் பெட்டியின் கொள்ளளவைப் பாருங்கள், சிறிய பெக்கேஜ் என்றால் பாதியில் நிரம்பிவிடும்.

அனுப்ப முடியாதது தனிப் பிரச்சினை. பெறுவதும் அனுப்புவதும் வெவ்வேறு சேர்வர்கள். யாரோ போர்ட் 25 என்று போட்டிருப்பார்கள். ஸ்பேம் தொல்லையால் பல நெட் நிறுவனங்கள் அதை அடைத்து வைத்திருக்கின்றன. 465 போட்டு பாதுகாப்பை "எஸ்எஸ்எல்" என்று வையுங்கள், அல்லது 587 போட்டு "ஸ்டார்ட் டிஎல்எஸ்" என்று வையுங்கள். அனுப்பும் பக்கத்திலும் முழு முகவரியும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று: ஐமேப் வந்துவிட்டது, இனிப் பிரதி வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். போனில் ஒரு மெயிலை அழித்தால் கடையிலும் அது அழியும். மாதம் ஒருமுறை டிஸ்க்கில் பிரதி எடுப்பதை விடாதீர்கள்.

நீண்ட நேரம் கரண்ட் போய் வந்த பிறகு, மெயிலைத் திறந்தால் "சான்றிதழ் செல்லாது" என்று எச்சரிக்கை வருகிறது. வைரஸா? (அக்கரைப்பற்று வாசகர்)

திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். பழைய மேசைக் கொம்பியூட்டர்களில், மதர்போர்டில் வட்டக் காசு அளவில் ஒரு பற்றரி இருக்கும், சீஆர் 2032. அது செத்திருந்தால், கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பல வருடங்கள் பின்னுக்குப் போய்விடும். சேர்வர் தன்னை யாரென்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் அந்தப் பழைய திகதியில் இன்னும் பிறக்கவேயில்லை, அதனால்தான் கொம்பியூட்டர் சந்தேகப்படுகிறது. திகதியைத் திருத்துங்கள், பற்றரியை மாற்றுங்கள். மணிக்கூடு திருத்தும் கடைகளிலும் கிடைக்கும்.

திகதி சரியாக இருந்தும் அந்த எச்சரிக்கை வந்தால் "பரவாயில்லை, ஏற்றுக்கொள்" என்பதை ஒருபோதும் அழுத்தாதீர்கள். பொது வைஃபையில் இருந்தால் உடனே துண்டியுங்கள்.

கதிரவெளிப் பக்கம் களப்பணி செய்கிறேன். சிக்னல் ஒரு கோடுதான். அறிக்கை எழுதி முடித்து அனுப்பும்போது நெட் போய், எழுதியதும் போய்விடுகிறது. (வாகரை வாசகி)

பிரவுசரில் எழுதுவதை விடுங்கள், உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது. மெயில் மென்பொருளில் எழுதினால் எழுத்து உங்கள் லெப்டொப்பிலேயே இருக்கும். தண்டர்பேர்டில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், என்ரர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடிதம் அவுட்பொக்ஸில் போய் உட்காரும். சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் ஒரே தடவையில் எல்லாவற்றையும் அனுப்பலாம். கணக்கின் ஒத்திசைவுப் பகுதியில் கடைசி 30 நாள் கடிதங்களை மட்டும் இறக்கும்படியும், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்டவற்றை இறக்காமல் விடும்படியும் வையுங்கள். கையொப்பத்தில் உள்ள நிறுவன லோகோவை எடுத்துவிடுங்கள், அந்தப் படம் உங்கள் ஒவ்வொரு கடிதத்தோடும் ஏறுகிறது.

பிரவுசர்தான் வேண்டும் என்றால், குரோமில் ஜீமெயிலின் ஓஃப்லைன் வசதியைப் போடலாம். 7, 30 அல்லது 90 நாள் மெயிலை லெப்டொப்பில் வைத்திருக்கும். பலர் கூடிப் பயன்படுத்தும் கொம்பியூட்டரில் அதைப் போடக்கூடாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, கரண்ட் போய் டவர்களின் பற்றரியும் தீர்ந்தால் என்ன நடக்கும் என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படி நேரத்தில் மெயில் மென்பொருளில் இறங்கியிருக்கும் பழைய கடிதங்கள்தான் உங்கள் கையில் இருக்கும். பயனாளிகள் பட்டியல், தொலைபேசி எண்கள் எல்லாம் அதற்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்படை அனுப்ப வேண்டிய கடைசி இரவில் பல்கலைக்கழக மெயில் திறக்கவில்லை என்றால் என்ன செய்வது? (ஒலுவில் மாணவர்)

தம்பி, அந்த நேரத்திலேயே உங்கள் சொந்த முகவரியிலிருந்து விரிவுரையாளருக்கு அனுப்புங்கள். திறக்காத பக்கத்தை நேரம் தெரியும்படி படம் பிடித்து அதையும் இணையுங்கள். கடிதம் கடந்து வரும் ஒவ்வொரு சேர்வரும் தன் நேரத்தை அதன் தலைப்பில் பதிக்கும். ஜீமெயிலில் "ஷோ ஒரிஜினல்" என்று திறந்தால் அது தெரியும், பிறகு எவரும் சந்தேகப்பட முடியாது. கோப்பின் அளவிலும் கவனம் வேண்டும். இணைப்புகள் மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருகும், 20 எம்பி கோப்பு ஏறத்தாழ 27 எம்பி ஆகிவிடும். சேர்வரின் எல்லை 25 என்றால் திரும்பி வந்துவிடும்.

சில பாடசாலைகளிலிருந்து வரும் மெயில் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. பழுதா? (கொக்கட்டிச்சோலை ஆசிரியை)

பழுதில்லை ரீச்சர், அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் அடித்தால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான், எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. மெயிலில் வரும்போது அந்த எழுத்துரு கூட வருவதில்லை. பாமினியை யூனிகோட்டாக (எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் முறை) மாற்றும் இலவசப் பக்கங்கள் இணையத்தில் உண்டு, வெட்டி ஒட்டினால் வாசிக்கலாம். அனுப்பியவரிடம் யூனிகோட்டில் அனுப்பும்படி, அல்லது பீடிஎப் ஆக்கி அனுப்பும்படி கேளுங்கள்.

இரண்டு நாளாக ஒரு மெயிலும் வரவில்லை, நெட் நன்றாக இருக்கிறது. (வாழைச்சேனை வாசகர்)

இடம் நிரம்பியிருக்கும். கூகுளின் இலவச 15 ஜீபி, மெயில், ட்ரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்துத்தான். போனில் எடுக்கும் கல்யாண வீடியோக்கள் ஏறி நிரம்பினால் மெயில் நின்றுவிடும். பெரிய வீடியோக்களை டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு அங்கிருந்து நீக்குங்கள்.

கணவர் கட்டாரில். மெயிலுக்கு உறுதிப்படுத்தல் இலக்கம் அவருடைய இலங்கைச் சிம்முக்குத்தான் வரும். ரீலோட் போடாமல் அந்தச் சிம் செத்துவிட்டது. இப்போது புதுப் போனில் மெயில் திறக்க முடியவில்லை. (ஏறாவூர் வாசகி)

சகோதரி, பழைய போன் இன்னும் அவர் கையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதில் மெயில் திறந்தபடி இருந்தால் அதுதான் சாவி. அதை ரீசெட் செய்யவோ விற்கவோ வேண்டாம், அதிலிருந்து லொக்அவுட்டும் செய்ய வேண்டாம். அந்தப் போனிலேயே கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் கட்டார் இலக்கத்தைச் சேர்க்கலாம்.

பழைய போனும் இல்லையென்றால், சிம் நிறுவனத்தின் கிளையில் அதே இலக்கத்தை மீட்க முடியுமா என்று விசாரியுங்கள். சிம் அவர் பெயரில் என்றால் அவருடைய அடையாள அட்டையைக் கேட்பார்கள். அதிக நாள் போனால் இலக்கம் வேறொருவருக்குப் போய்விடக்கூடும், ஆகவே இந்த வாரமே போங்கள். அதுவும் கைகூடாவிட்டால் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கம். அதை அவர் வழக்கமாக மெயில் பார்த்த இடத்திலிருந்தும், பார்த்த கருவியிலிருந்தும் முயல்வது நல்லது. காசு கொடுத்தால் மீட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

கணக்கு கைக்கு வந்ததும், அன்றே இரண்டு படி உறுதிப்படுத்தல் பகுதியில் உள்ள பெக்அப் கோட்களை எடுங்கள். எட்டு இலக்கத்தில் பத்து வரும், ஒவ்வொன்றையும் ஒருமுறை பாவிக்கலாம். சிம் இல்லாமலே அவற்றால் உள்ளே போகலாம். ஒரு தாளில் எழுதி, வீட்டு உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் வைக்கும் பையில் போட்டு வையுங்கள். இன்னொரு பிரதி அவருடைய கடவுச்சீட்டோடு இருக்கட்டும்.