ஆரம்பகால ஜாஸ் டிராம்போன் கலைஞர்களில் யாரை முதலில் கேட்கலாம்?

என்னைக் கேட்டால் கிட் ஓரி. வித்தை காட்டி வேகமாக ஊதும் ஆள் வேண்டுமென்றால் இவரிடம் போக வேண்டாம். ஒரு குழுவில் டிராம்போன் என்ற நீண்ட பித்தளை ஊதுகருவிக்கு என்ன வேலை என்று புரிய வேண்டுமானால் இவரை விட்டால் ஆளில்லை.

பிறந்தது 1886 கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்காவின் லூசியானாவில், உட்லேண்ட் கரும்புத் தோட்டத்தில். 1811-ல் அடிமைகளின் பெரும் கிளர்ச்சி தொடங்கியதும் அதே தோட்டத்தில்தான். சிறுவயதில் நண்பர்களோடு சேர்ந்து தாங்களே செய்த வாத்தியங்களில் பழகியவர். நியூ ஆர்லியன்ஸில் அக்கா வீட்டில் புது டிராம்போனை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெருவில் போய்க்கொண்டிருந்த பட்டி போல்டன் (Buddy Bolden) என்ற ஜாஸ் முன்னோடி கதவைத் தட்டித் தன் குழுவுக்குக் கூப்பிட்டாராம். தம்பி சின்னப் பையன் என்று அக்கா மறுத்துவிட்டாராம். ஓரியே பிற்காலத்தில் சொன்ன கதை இது.

நடன நிகழ்ச்சிக்கு விளம்பரமாக இசைக்குழுவை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக ஓட்டுவது அந்த ஊர் வழக்கம். சுரத்தை மாற்ற முன்னும் பின்னும் இழுக்கும் குழாய்தான் டிராம்போனின் ஸ்லைடு; அது நீளும்போது முன்னால் இருப்பவர் முதுகில் இடிக்கும். அதனால் டிராம்போன் ஊதுபவருக்கு வண்டியின் பின்பலகை ஓரம்தான் இடம். 'டெயில்கேட்' பாணி என்ற பெயர் அப்படி வந்ததுதான். டிரம்பெட் போன்ற சிறிய ஊதுகருவியான கார்னெட் மெட்டைப் பிடித்துப் போகும், கிளாரினெட் மேலே சுற்றும். ஓரி அடியில் சுரத்தை வழுக்கி இழுத்து அடுத்த வரிக்கு எடுத்துக் கொடுப்பார்.

ஆள் பொறுக்குவதிலும் கெட்டிக்காரர். இவர் குழுவின் கார்னெட் கலைஞர் கிங் ஆலிவர் சிகாகோவுக்குக் கிளம்பியதும் அந்த இடத்தில் இவர் சேர்த்துக்கொண்ட இளைஞன், பின்னாளில் ஜாஸின் பெரும் நட்சத்திரமான லூயி ஆம்ஸ்ட்ராங்! 1919-ல் கலிபோர்னியா போனார். அங்கே 1922 வாக்கில் இவர் குழு பதிந்ததைத்தான் நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினக் குழு ஒன்றின் முதல் ஜாஸ் இசைத்தட்டு என்பார்கள்.

பொருளாதார மந்தம் வந்ததும் பிழைப்பு போயிற்று. சில காலம் தம்பியோடு கோழிப்பண்ணை நடத்தினார். 1944-ல் திரைப்பட இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் வானொலி நிகழ்ச்சி இவரை மறுபடி மேடையேற்றியது. 1966-ல் ஓய்வுபெற்று ஹவாய்க்குப் போனவர், 1973-ல் அங்கேயே காலமானார்.

'மஸ்க்ரத் ராம்பிள்' 1926 பதிவிலிருந்து தொடங்குங்கள். இவர் இயற்றியதாகப் பதிவாகியிருக்கும் மெட்டு. அது தன்னுடையது என்று ஆம்ஸ்ட்ராங் பின்னாளில் சொன்னது தனிக் கதை. அதைப் பதிந்த ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவில் டிரம்ஸும் கிடையாது, அடிச்சுரம் தரும் பாஸ் வாத்தியமும் கிடையாது. ஆம்ஸ்ட்ராங் பக்கமே காது போகும், ஒரு தடவை அவரை விட்டுவிட்டு அடியில் ஓரி செய்வதை மட்டும் கவனியுங்கள்.