தம்பியின் தட்டைத் தனியாக வைக்க வேண்டாம்

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. பயாப்சி எடுத்ததில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு புற்றுநோய் என்று வந்திருக்கிறது. 'ஈபிவி பாசிட்டிவ்' என்றும் ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறார்கள். வைரஸால் வந்த புற்றுநோய் என்றால் எங்களுக்கும் ஒட்டுமா? அம்மா அவனுக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்தத் தட்டை மற்ற தட்டுகளோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். புற்றுநோய் ஒட்டாது. ஈபிவி, அதாவது எப்ஸ்டீன்-பார் வைரஸ், எச்சில் வழியாகப் பரவும் என்பது உண்மைதான். ஆனால் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அது ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. உங்களுக்கும் அம்மாவுக்கும் சின்ன வயதிலேயே தெரியாமல் வந்திருக்கும், அநேகமாக.

1964-ல் உகாண்டா குழந்தைகளுக்கு வந்த ஒருவகைக் கட்டியின் செல்களில் இதை லண்டன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ்களில் முதலில் தெரியவந்தது இதுதான்.

இது குடியிருப்பது பி செல்களில்; ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணுக்கள் அவை. மரபணு கெட்டு, ஆன்டிபாடி தயாரிக்க முடியாமல் போன பி செல் தானாகவே செத்துவிட வேண்டும். உள்ளே ஈபிவி இருந்தால் அது நடக்காமல் போகலாம். வைரஸின் எல்எம்பி-2ஏ என்ற புரதம், அந்தச் செல்லில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் பொய்த் தகவல் கொடுக்கிறது. எல்எம்பி-1 என்ற இன்னொன்று, 'பிழைத்திரு, பெருகு' என்ற உத்தரவை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அப்போதும் உடனே புற்றுநோய் ஆகிவிடாது. வேறு மரபணுப் பிழைகள் சேர வேண்டும், அந்தச் செல் எதிர்ப்பு சக்தியின் பிடியிலிருந்தும் தப்ப வேண்டும். இத்தனையும் ஒரே செல்லில் கூடிவருவது அபூர்வம். உங்கள் வீட்டில் யாரும் செய்த தப்பு இல்லை இது. அம்மாவிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

வைரஸைக் கொல்ல மாத்திரை கேட்பீர்கள். கட்டிக்குள் வைரஸ் பெருகாமல் அடங்கிக் கிடப்பதால் அந்த மாத்திரைகள் அங்கே பலிப்பதில்லை. கீமோதான் முக்கியமான வழி. இந்த நோயில் பெரும்பாலோர், அதிலும் இளம் வயதினர், முழுதாகக் குணமாகிறார்கள். எச்ஐவி டெஸ்ட் எழுதினால் பதற வேண்டாம். லிம்ஃபோமா என்றால் எல்லோருக்கும் பார்ப்பதுதான்.

அப்புறம், கீமோ நடக்கும்போது தொற்று பயம் உங்களுக்கு அல்ல, அவனுக்குத்தான். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் கிட்டே போக வேண்டாம். அவனுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், ராத்திரியானாலும் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.