டவர் ஸ்பீக்கரை ஹோம் தியேட்டர் ரிசீவர் தானாகவே 'லார்ஜ்' என்று வைத்துவிட்டது. அப்படியே விடலாமா? பெங்களூரு ஃபிளாட், கூடவே ஒரு சப்வூஃபர்.

வேண்டாம், 'ஸ்மால்' என்று மாற்றிவிடுங்கள். பெட்டியின் உயரத்துக்கும் இந்த செட்டிங்குக்கும் சம்பந்தமே இல்லை. 'லார்ஜ்' என்றால் அடிமட்ட பேஸ் முழுவதையும் அந்த ஸ்பீக்கரே சுமக்க வேண்டும். 'ஸ்மால்' என்றால் கிராஸ்ஓவருக்கு (ஒலியைப் பிரிக்கும் எல்லை அதிர்வெண்) கீழே உள்ளது சப்வூஃபருக்குப் போய்விடும். ரிசீவரின் ஆம்ப்ளிஃபையருக்கும் பாரம் குறையும், வெடிச்சத்தக் காட்சிகளில் வசனம் கலங்காது.

கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். சினிமா ஒலித் தரத்துக்குச் சான்று தரும் டிஹெச்எக்ஸ் பரிந்துரைப்பதும் அதுதான். சின்ன புக்ஷெல்ஃப், சாட்டிலைட் ஸ்பீக்கர்களுக்கு 100, 120 வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் பேஸ் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது சப்வூஃபரின் முதுகில் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழில் (வால்யூம் குமிழ் அல்ல). அதைக் கடைசிவரை திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே ஒலி இரண்டு முறை வடிகட்டப்படும். படத்தில் பேஸுக்கென்றே இருக்கும் 'எல்எஃப்இ' சேனலுக்கான லோபாஸ் (மேல் அதிர்வெண்களை வெட்டும்) செட்டிங் தனி. அது 120-லேயே இருக்கட்டும்.

கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் கிராஸ்ஓவரைத் தொடாதீர்கள், சப்வூஃபர் லெவலை மட்டும் இறக்குங்கள். கான்கிரீட் தளத்தில் அதிர்வு அப்படியே இறங்கும். அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டால் கொஞ்சம் அடங்கும், முழுக்க இல்லை.